மஞ்சள் தடவிய செக்

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த செக், திங்கட்கிழமை பாங்கிக் கதவு திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அந்தச் செக்கை எழுதுவதற்குள் அங்கமுத்து பட்ட பாட்டைப் போன வாரம் பார்த்தோம். பட்டாளத்தில் பாலம் கட்டவும் நிலம் அளக்கவும் கற்றுக்கொண்டு, யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, அரியலூரில் சர்வேயர் வேலையில் சேர்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அதைக் கொண்டு விக்கிரமங்கலத்தில் ஓடைக்கரை நிலத்தை வாங்கப் போகிறான். அந்த நிலத்தில் அவனுடைய அப்பா பாவாடை முப்பது வருஷமாக ஏர் ஓட்டியிருக்கிறார். அம்மா இருசம்மாள் களை எடுத்திருக்கிறாள், கடலை பிடுங்கியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும், எந்தத் தலைமுறையிலும், ஒரு சாண் நிலம் சொந்தமாக இருந்ததில்லை.

நிலத்துக்காரர் சவரிராஜ், பிள்ளைகளின் படிப்புக்காகத் திருச்சிக்குக் குடிபோகிறார். அங்கே ஒரு வீட்டுக்கு அச்சாரம் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பணத்தைச் செவ்வாய்க்கிழமை கட்டியாக வேண்டும். இந்தப் பக்கம் பெரிய பண்ணையும் அதே நிலத்தின்மேல் கண்ணாக இருந்தது.

"திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள ரிஜிஸ்தர் ஆவலேன்னா பண்ணைக்குத்தான் கொடுப்பேன். அப்புறம் என்மேல குத்தம் சொல்லக் கூடாது" என்று சவரிராஜ் முடிவாகச் சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமைதான் இன்று.

சனிக்கிழமை அங்கமுத்து செக்கை எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டு, வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு எல்லைத் தகராறை அளக்கப் போய்விட்டான். மறுநாள் சவரிராஜ் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்ததும் பெற்றோர்கள் போய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. கொடுத்தார்கள். திங்கட்கிழமை சவரிராஜ் பாங்கியில் பணம் வாங்கிக்கொள்வார், அங்கமுத்து அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துவிடுவான் என்று எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது.

ஆபீசில் வரைபடத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தவன் ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தான். வேலியோரம் அம்மா நின்றிருந்தாள். கட்டியிருந்தது புதுச்சேலை. முகத்தில் ஈயாடவில்லை.

பேனாவை வைத்துவிட்டு வெளியே ஓடினான்.

"என்னம்மா, நான்தான் நேரா வந்துடறேன்னேனே."

"செக்கு திரும்பிடுச்சாம் தம்பி."

"திரும்பிடுச்சா? யாரு சொன்னா?"

"சவரிராஜ் ஐயாதான். உள்ள கொடுத்தாராம். வாங்கிப் பாத்துட்டு, இது செல்லாதுன்னு தள்ளிட்டாங்களாம். பாங்கி நெறைய சனமாம். பண்ணைக் கணக்கரும் அங்கதான் இருந்திருக்காரு. அவரு கேட்டுட்டு சிரிச்சாராம்."

பணம் இருக்கிறது. அதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. அவனோடு வேலை பார்க்கிறவர்கள் சம்பள நாளன்று காபி கிளப்புக்குப் போவார்கள். இவன் பாங்கிக்குப் போவான். கிராதிக்குள் பாஸ் புத்தகத்தை நீட்டுவான். காஷியர் பழைய வரிக்குக் கீழே புது வரி எழுதி, மை காய ஊதி, வெளியே தள்ளுவார். அதை வாங்கிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடப்பதில் அவனுக்கு ஒரு சுகம். பையில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது; ஆனால் நடையில் தெரியும். போன சனிக்கிழமைகூடப் பார்த்தான். இருக்க வேண்டியது இருந்தது.

இருந்தும் திரும்பியிருக்கிறது என்றால் ஊர் என்ன நினைக்கும்? பாவாடை மகனுக்குப் பாங்கியில் பணமாவது, செக்காவது, காகிதத்தைக் காட்டி நிலத்தை எழுதி வாங்கப் பார்த்தான் என்றுதானே பேசும். பொழுது சாய்வதற்குள் விக்கிரமங்கலம் வரைக்கும் போய்விடும். அதை நினைத்ததும் அவனுக்கு நடை ஓட்டமாகிவிட்டது. இருசம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர் அவனைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொன்னார். அங்கமுத்துவுக்குக் காது சுட்டது.

பாங்கி வாசலில் சவரிராஜ் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பணம் போட்டுக்கொள்ளக் கொண்டுவந்த காலித் தோல்பை. படிக்குக் கீழே, வெயிலில், பாவாடை நின்றிருந்தார். பக்கத்தில் நல்ல நிழல் இருந்தும் அங்கே போகவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டு நிற்கிறவர் மாதிரி அவர் நின்ற விதம்தான் அங்கமுத்துவின் மனசை அறுத்தது.

"ஏம்ப்பா அங்கமுத்து" என்று சவரிராஜ் ஆரம்பித்தார். "நாலு பேரு மத்தியில என்னத் தலகுனிய வெச்சுட்டியே. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ கேட்டேன். பணம் கெடையாதுன்னுட்டான்."

"பணம் இருக்குங்கய்யா."

"இருந்தா ஏன் கொடுக்கல?"

"அதைத்தான் கேக்கப் போறேன். நீங்களும் வாங்க. அம்மா, நீயும் வா. அப்பா..."

"நான் இங்ஙனயே நிக்கிறன்" என்றார் பாவாடை.

"வாங்கப்பா."

"நீ போயிட்டு வா தம்பி. உள்ளல்லாம் நான் எதுக்கு."

வற்புறுத்த நேரமில்லை. அங்கமுத்து படியேறினான்.

பாங்கி என்றால் பெரிய மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கூடம், குறுக்கே மரக் கிராதி, அதற்குப் பின்னால் இரண்டு மேஜை, சுவரோரம் இரும்புப் பெட்டி. ஆனாலும் அந்தக் கூடத்தில் ஒரு மரியாதையான அமைதி உண்டு. கடலை வியாபாரிகள்கூட அங்கே தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். இன்று அந்த வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் இருந்தார்கள். அங்கமுத்து உள்ளே வந்ததும் அந்த அமைதி இன்னும் அதிகமாயிற்று.

பண்ணைக் கணக்கர் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அங்கமுத்துவைக் கண்டதும் எழுந்து, அவனுக்கு வழிவிடுகிற பாவனையில் ஒதுங்கி வெளியே போனார். அடுத்த தெருவிலிருந்த பண்ணை வீட்டுக்குத்தான் போகிறார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பாங்கி ஏஜெண்ட், அதாவது அந்தக் கிளைக்குத் தலைவர், நடுத்தர வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அங்கமுத்துவை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க மிஸ்டர் அங்கமுத்து. உங்களுக்குத்தான் ஆள் அனுப்பணும்னு இருந்தேன்."

"என் செக்கை எதுக்குத் திருப்பினீங்க சார்?"

ஏஜெண்ட் மேஜை மேலிருந்த காகிதத்தைக் கிராதிக்கு வெளியே நீட்டினார்.

அங்கமுத்து அதைப் பார்த்தான். தன் கையால் எழுதிய செக்தானா என்று முதலில் சந்தேகம் வந்தது. நாலு மூலையிலும் நல்ல கனமாக மஞ்சள். நடுவில் சந்தனம். சரியாகக் கையெழுத்தின் மேல், அம்மன் நெற்றியில் வைக்கிற அளவுக்குப் பெரிய குங்குமப் பொட்டு. ஈரம் காய்வதற்குள் சவரிராஜ் இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விட்டார். இந்தப் பக்கத்து மை அந்தப் பக்கத்தில் ஏறி, அந்தப் பக்கத்துச் சந்தனம் இந்தப் பக்கத்தில் ஒட்டி, தொகை எது, கையெழுத்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

அவன் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, இதுல மஞ்சள் தடவுனியா?"

"ஆமா" என்றாள் இருசம்மாள். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நெலம் வாங்குற பணம். மொதமொதல்ல நம்ம வூட்டுலேருந்து போவுது. வெறுங்காயிதமாவா கொடுப்பாங்க? குளிச்சிட்டு, வெளக்கேத்தி வெச்சு, எல்லாம் மொறையாத்தான் செஞ்சேன்."

"இது என்ன கல்யாணப் பத்திரிகையா? மூணு வருசம் சேத்தது. ஒரு நிமிசத்துல நாற அடிச்சுட்டியே."

சொன்ன மறுகணம் சொன்னது தப்பென்று தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். இருசம்மாளின் முகம் சுருங்கியது. கூடத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"எனக்கு என்ன தம்பி தெரியும்" என்றாள் அவள். "எம் மவன் கையெழுத்துப் போட்ட காயிதம்னு வெச்சேன்."

அங்கமுத்துவுக்கு நடந்ததெல்லாம் கண்முன் தெரிந்தது. தாம்பாளத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாமல் அந்தக் காகிதத்தில் மகன் கையெழுத்து எது என்று பாவாடையைக் கேட்டிருப்பாள். அவருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேருமாகச் சேர்ந்து இதுவாகத்தான் இருக்கும் என்று கண்டுபிடித்து, அதன் மேலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான் பேசுனது தப்பும்மா" என்றான் எல்லோர் காதிலும் விழும்படி. "நான்தான் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

ஏஜெண்ட் கனைத்துக்கொண்டார். "எங்க வீட்டிலேயும் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் கட்டமாட்டார்கள். அம்மா செய்ததில் ஒன்றும் தப்பில்லை. கையெழுத்தைப் பார்க்க முடியாததால் திருப்ப வேண்டியதாயிற்று. வேறொரு செக் எழுதுங்கள், முடிந்தது."

"அதுக்கு முன்னால ஒண்ணு சார்."

"சொல்லுங்க."

"நீங்க திருப்புனப்போ இங்க இருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க. எங்கிட்ட பணம் இல்லேன்னு தெருவெல்லாம் பேச்சு. திருப்புனது எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியணும்."

ஏஜெண்ட் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். சர்வேயர் சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. பட்டாளத்தில் நிற்கிற மாதிரி நேராக நின்றான். ஏஜெண்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கிராதி அருகில் வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மிஸ்டர் அங்கமுத்துவின் செக் பணம் இல்லாமல் திரும்பவில்லை. சந்தனம் பட்டுக் கையெழுத்து அழிந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் கணக்கில் எழுதின தொகைக்கு மேலேயே இருக்கிறது. இந்தப் பாங்கியில் மாதம் தவறாமல் வருகிறவர் அவர்."

கூடம் கொஞ்சம் கலைந்து மூச்சுவிட்டது. இருசம்மாள் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன தம்பி சொல்றாரு?"

"பணம் இருக்குன்னு சொல்றாரும்மா."

"அது எனக்குத் தெரியுமே" என்றாள் அவள், நிமிர்ந்துகொண்டு.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நமக்கும் நிம்மதி. சவரிராஜ் முடிய விடவில்லை.

"இன்னொரு காயிதம் எனக்கு வேணாம்ப்பா" என்றார். "ஒரு தடவ பட்டது போதும். நோட்டா எண்ணிக் கொடு. வாங்கிட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரேன். ராத்திரி ரயிலுக்கு நான் திருச்சி போவணும்."

"அதனாலென்ன, எடுத்துத் தரேங்க" என்று அங்கமுத்து செக் புத்தகத்தைப் பிரித்தான்.

காஷியர் தலையை நீட்டி ஏஜெண்ட் காதில் ஏதோ சொன்னார். ஏஜெண்டின் முகம் மாறிற்று.

"ஒரு சங்கடம். காலையிலே கடலை வியாபாரிகள் நிறைய எடுத்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய தொகை இப்போது பெட்டியில் இல்லை. நாளைக் காலை ரயிலில்தான் திருச்சியிலிருந்து பணம் வரும்."

"நாளைக்கா?" என்றார் சவரிராஜ். "நாளைக்கு நான் அங்க வீட்டுப் பணம் கட்டணும். இது ஆவாது." தோல்பையைக் கக்கத்தில் இடுக்கினார். "அங்கமுத்து, நீ நல்ல பையன். ஒங்கப்பன் எங்க வூட்டுல ஒழைச்சவன். கொடுக்கக் கூடாதுன்னு எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பண்ணை ரொக்கத்த மேசமேல வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் என்ன பண்ண?"

அவர் வாசலை நோக்கி இரண்டடி வைத்தார். ஜன்னல் வழியே அங்கமுத்துவுக்கு அப்பாவின் தலை தெரிந்தது. ஓடைக்கரை நிலம் அந்த இரண்டடியோடு போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றான். மூளை அப்போதுதான் ஓட ஆரம்பித்தது. "சார், இந்தப் பாங்கிக்குத் திருச்சியிலயும் கிளை இருக்குல்ல?"

"பெரிய கடைவீதியில் இருக்கிறது. அதுதான் தலைமை ஆபீசே."

"ஐயா இங்க ஒரு கணக்கு ஆரம்பிச்சார்னா, என் கணக்குலேருந்து அவர் கணக்குக்கு இப்பவே மாத்திடலாம். அதுக்கு நோட்டு வேண்டாமே. நாளைக்குக் காலையில திருச்சியில அவர் எடுத்துக்க முடியுமா?"

ஏஜெண்ட் மோவாயைத் தடவினார். "முடியும். நான் கடிதம் கொடுக்கிறேன், தந்தியும் அடித்துவிடுகிறேன். இங்கே மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம்."

சவரிராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பணம் என் கண்ணால பாக்காம எப்படிப்பா?"

"நீங்க ராத்திரி ரயில்ல அந்தப் பையோட தூங்காம ஒக்காந்து போவணும்யா" என்றான் அங்கமுத்து. "இப்ப ரயில்ல நடக்கற திருட்டு உங்களுக்கே தெரியும். வெறுங்கையோட போங்க. திருச்சியில எறங்கி, குளிச்சுட்டு, பாங்கியில வாங்கி அப்படியே வீட்டுக்காரர் கையில கொடுங்க. கடிதம் கைக்கு வந்து, உங்க பேர்ல புத்தகத்துல வரவு எழுதி, நீங்க பாத்ததுக்கு அப்புறம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தா போதும். அதுக்கு முன்னால எங்களுக்கு ஒண்ணும் எழுதிக் கொடுக்க வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. சவரிராஜ் யோசித்தார். ரயிலில் பணத்தோடு போவதை நினைத்து அவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

"சரி" என்றார் கடைசியில். "எங்க கையெழுத்துப் போடணும்?"

ஏஜெண்ட் விண்ணப்ப பாரத்தை எடுத்து வைத்தார். பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"உங்களை அறிமுகம் செய்பவர் யார்?"

"அப்படின்னா?"

"இந்தப் பாங்கியில் ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர், உங்களைத் தெரியும், நம்பத் தகுந்தவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் யாருக்கும் கணக்குக் கிடையாது."

சவரிராஜ் சிரித்தார். "விக்கிரமங்கலத்துல வந்து கேளுங்க, சவரிராஜ் யாருன்னு."

"இது அரியலூர். பாரத்தில் கையெழுத்து வேண்டும்."

சவரிராஜ் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். கடலை வியாபாரிகள் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர்கள். அவரை யாருக்கும் தெரியாது. அவரும் யாரையும் பார்த்ததில்லை. பண்ணைக் கணக்கர் இருந்தால் போட்டிருப்பார். அவர் போட்டிருந்தால் நிலம் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர், கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் நிற்கிறவர், அந்தச் சின்னக் கூடத்தில் தன்னைத் தெரிந்த ஒரு முகம் இல்லாமல் விழித்தார்.

ஒரு முகம் இருந்தது. அதை அவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

அங்கமுத்துவுக்கு அந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். கணக்கு ஆரம்பிக்க வந்தபோது அவனும் இதே கிராதிக்கு முன்னால் இப்படித்தான் நின்றான். யுத்தத்தில் மூன்று மெடல் வாங்கியவனை அரியலூரில் தெரிந்தவர் யாருமில்லை. ஜவுளிக்கடைக்காரர் அப்புறம் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் உங்கள் ஆட்களுக்கெல்லாம் பாங்கி எதற்கு என்று கேட்டார். பண்ணையார் கொல்லைப்பக்கமாக வந்து நிற்கச் சொல்லி, நிற்க வைத்து, சாயங்காலம் தலைவலி என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் பட்டாளத்து அதிகாரி ஒருவருடைய கடிதத்தை வைத்துக்கொண்டுதான் இந்த ஏஜெண்ட் கணக்கை ஆரம்பித்தார். அந்த மூன்று வாரமும் அவனுக்கு மறக்கவில்லை.

ஏஜெண்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவனிடமே கேட்டார்.

"மிஸ்டர் அங்கமுத்து, இவரை உங்களுக்குத் தெரியுமா?"

கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சவரிராஜ் மட்டும் தோல்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் அவருடைய கிணற்றடியில் தண்ணீருக்காக அங்கமுத்து ஒதுங்கி நின்ற நாட்கள் இருக்கின்றன. பாவாடைக்குக் காய்ச்சல் என்று சொல்லப் போனபோது, முதலில் மாட்டைக் கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு குருணை கொடுத்தனுப்பிய நாளும் இருக்கிறது. கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. இன்றைக்குப் பழி தீர்க்க வேண்டுமானால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்ற ஒரு வார்த்தை போதும்.

"தெரியும் சார்" என்றான். "சின்ன வயசுலேருந்து தெரியும்."

பாரத்தை வாங்கிக்கொண்டான். அவசரமில்லாமல், வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற அதே அழகான எழுத்தில் எழுதினான். கீழே தன் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே 'சர்வேயர்' என்றும் எழுதினான். ஏஜெண்ட் வாங்கிப் படித்தார். வழக்கமாக மனதுக்குள் படிக்கிறவர், இன்று ஏனோ வாய்விட்டுப் படித்தார்.

"விக்கிரமங்கலம் சவரிராஜ் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நாணயமானவர். அவருக்குக் கணக்குக் கொடுப்பதற்கு நான் உறுதி கூறுகிறேன்."

சவரிராஜின் முகம் சிவந்தது. கோபத்தால் அல்ல. பிறகு பேனாவை வாங்கித் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். அங்கமுத்து புதுச் செக் எழுதினான். காஷியர் இரண்டு கணக்கிலும் எழுதினார். புத்தம் புதுப் பாஸ் புத்தகத்தை சவரிராஜ் வெளிச்சத்தில் பிடித்து, தன் பெயரையும் வரவையும் விரலால் தொட்டுப் படித்தார். ஏஜெண்ட் கொடுத்த கடிதத்தை அதற்குள் வைத்தார்.

அதற்குள் பாவாடை படியேறி வந்துவிட்டிருந்தார். எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. வாசற்படிக்கு உள்ளே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏஜெண்ட் படித்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சவரிராஜ் அவரைப் பார்த்தார். பிறகு அங்கமுத்துவிடம் திரும்பினார்.

"கெளம்பலாங்களா?" என்றார். "பத்திரம் எழுதுறவர் காத்துக்கிட்டிருப்பாரு. நீங்க முன்னால போங்க, நான் அம்மாவையும் பாவாடையையும் கூட்டிக்கிட்டு வரேன்."

முப்பது வருஷத்தில் இந்தக் குடும்பத்தில் யாரையும் அவர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. பாவாடைக்கு அது கேட்டது. இருசம்மாளுக்கும் கேட்டது. அவள் புதுச்சேலை முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அதை அன்று அவள் நின்றபடியே அனுபவித்தாள்.

அங்கமுத்து எத்தனையோ தடவை பாஸ் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு இந்தப் படியில் இறங்கியிருக்கிறான். இன்று இறங்குகிறபோது கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு பெருமையோடு அவன் என்றுமே இறங்கியதில்லை.

நாலு பேரும் தெருவுக்கு வந்தபோது, பண்ணைக் கணக்கர் மூச்சு வாங்க எதிரே வந்து நின்றார். சவரிராஜ் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் நடந்ததைப் புரிந்துகொண்டார்.

"அவசரப்பட வேணாம்" என்றார். "ஓடைக்கரை நெலத்துல ஒரு வில்லங்கம் இருக்கு. சவரிராஜோட தகப்பனாரு எழுதிக் கொடுத்த பழைய பத்திரம் ஒண்ணு பண்ணையார் பெட்டியில இருக்கு. ரிஜிஸ்தர் பண்ணிட்டு அப்புறம் அழ வேணாம். எல்லாரும் ஒடனே பண்ணை வூட்டுக்கு வரணுமின்னு உத்தரவு."

சவரிராஜ் திகைத்துப் போனார். "எங்கப்பா எழுதிக் கொடுத்ததா? எனக்குத் தெரியாம என்ன பத்திரம்?"

"வந்தா தெரியும்."

அங்கமுத்து பதில் சொல்ல வாயெடுத்தான். பாவாடை அவன் கையைத் தொட்டு நிறுத்தினார். பண்ணையிலிருந்து உத்தரவு என்றால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடிய மனுஷர் அவர். கணக்கர் அந்த ஓட்டத்தை எதிர்பார்த்துத்தான் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பண்ணையார்கிட்ட சொல்லுங்க" என்றார் பாவாடை. குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பத்திரம் இருந்தா அவரையே எடுத்துக்கிட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. எம் மவன் படிச்சுப் பாப்பான்."